லென்ஸ், பென்சில், பழைய செய்தித்தாள்: களத் தாவரவியலைத் தொழிலாக்கிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வாரத்துக்கு மூன்று பேராவது வாட்ஸ்அப்பில் ஓர் இலையைப் படம் எடுத்து அனுப்பி, "சார், இது என்ன செடி?" என்று கேட்கிறார்கள். பூ இருக்காது, காய் இருக்காது, எந்த ஊர், மலையா கரிசலா என்ற தகவலும் இருக்காது. அவர்களில் ஓரிருவர் பேச்சோடு பேச்சாக, "இதையே தொழிலா எடுத்துக்கலாமா சார்?" என்றும் கேட்பதுண்டு. தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதல் கேள்வியை ஒழுங்காகக் கேட்கப் பழகிய பிறகுதான் இரண்டாவதற்கு வழி திறக்கும். இவர் ஒரு செடிக்குப் பெயர் சொன்னால் நம்பலாம் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் சம்பளம், ஃபெலோஷிப், ஆய்வுக் கட்டுரை எல்லாமே அதன் பின்னால்தான் வருகின்றன.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதில் இறங்க நினைப்பவருக்காக எழுதுகிறேன். மறுபடி முதலில் இருந்து தொடங்கச் சொன்னால் நான் எந்த வரிசையில் போவேனோ அதே வரிசை.

படி 1: ஓர் இடம், நூறு செடி

மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்காதீர்கள். அங்கே முதல் நாளே மலைத்துப்போய்த் திரும்பி வருவீர்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கண்மாய்க் கரை, கோயில் காடு, ரயில் பாதை ஓரத் தரிசு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, ஒரு வருடம் முழுக்க, அதே இடத்துக்குப் போங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு முளைப்பதும் பங்குனியில் காய்ந்து கிடப்பதும் ஒரே செடிதான் என்று கண்ணால் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பெயர்களை மனப்பாடம் செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் குடும்பங்களைப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் கைவந்துவிட்டால் சமவெளியில் பார்க்கும் செடிகளில் பெரும்பகுதிக்கு "இது இன்ன வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிவிடலாம்.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வேலியோரத்தில் ஒரு நுணா மரம். கிளையின் கணுவைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். இரண்டு காம்புகளுக்கும் நடுவில், தண்டோடு ஒட்டி, ஒரு சின்னச் செதில் நிற்கும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸை கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கணுவை லென்ஸுக்கு அருகே கொண்டுவந்தால் தெளிவாகத் தெரியும். (லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துத் தூரத்தில் இருந்து பார்ப்பவர்களே அதிகம். சினிமாத் துப்பறிவாளர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.) இதே செதில் வெட்சியிலும் உண்டு, காப்பிச் செடியிலும் உண்டு. எதிரிலை, கிழிபடாத முழு விளிம்பு, காம்புகளுக்கு இடையில் செதில், பூவுக்குக் கீழே சூலகம் என்று நான்கும் சேர்ந்தால் ரூபியேசி குடும்பம். பூ இல்லாத நாளிலும் முதல் மூன்றை வைத்து முக்கால் கிணறு தாண்டிவிடலாம். இப்படியே தும்பையின் சதுரத் தண்டு, எருக்கின் பால், துத்தியின் குழாய்போல் ஒட்டிய மகரந்தத்தாள்கள் என்று ஒவ்வொன்றாகப் போங்கள்.

செல்போன் செயலிகள் எதற்கு இருக்கின்றன என்று கேட்பீர்கள். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இரண்டையும் பயன்படுத்துங்கள், பதிவேற்றுங்கள். ஆனால் செயலி சொல்லும் பெயரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் கண் வளராது.

படி 2: படிப்பு

தாவரவியல் இளங்கலை, பிறகு முதுகலை என்பது நேர்வழி. வனவியல் படிப்பிலிருந்து வருவோரும் உண்டு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்தவர்கள் மரங்களில் கில்லாடிகள். முதுகலைக்குக் கல்லூரி தேடும்போது அங்கே வகைப்பாட்டியல் ஆசிரியர் ஒருவர் உண்மையில் களத்துக்குப் போகிறாரா, துறையில் ஹெர்பேரியம் (உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம்) உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். பல இடங்களில் பீரோ இருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. பாடத்திட்டத்தில் மூலக்கூறு உயிரியலுக்கே பெரும் பங்கு போய்விட்டதால், வகைப்பாட்டியலில் தேறியவர்கள் குறைவு. தொடங்குகிறவருக்கு அது நல்லதுதான், போட்டி குறைவு.

டி.என்.ஏ. வேலையை ஒதுக்கவும் வேண்டாம். இலைத் துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு வைக்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்படுத்திக்கொண்டால் பின்னால் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்யக் கதவு திறந்திருக்கும்.

படி 3: மாதிரி எடுக்கப் பழகுங்கள்

இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவையானவை: மரச் சட்டம் இரண்டு, இறுக்கிக் கட்ட பெல்ட் அல்லது கயிறு (இவை சேர்ந்ததுதான் செடியை அழுத்தி உலர்த்தும் பிரஸ்), பழைய செய்தித்தாள், மை உறிஞ்சும் தாள், கத்தரி, ஜிப் பை, சிறு கண்ணாடிக் குப்பிகள், ஜி.பி.எஸ். (போன் போதும்), நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மழையில் பேனா எழுத்து ஓடிவிடும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்.

பூவும் காயும் உள்ள கிளையாகப் பார்த்து எடுங்கள். சிறு செடியென்றால் வேரோடு. காய்ந்த மாதிரியை ஒட்டும் ஹெர்பேரியம் ஷீட்டின் அளவு 42 × 28 சென்டிமீட்டர். அதற்குள் அடங்க வேண்டும். நீளமான புல்லை வி அல்லது என் வடிவில் மடக்குங்கள். ஓரிரண்டு இலைகளைத் திருப்பி வையுங்கள், அடிப்புறம் தெரிய வேண்டும். சமவெளியில் முதல் நாலைந்து நாள் பிரஸ்ஸுக்குள் செடியை வைத்திருக்கும் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மலையில் மழைக்காலம் என்றால் தினமும் இரண்டு முறை மாற்றினாலும் பூஞ்சை வரும். பல்பு எரியும் உலர்த்திப் பெட்டிதான் காப்பாற்றும். காய்ந்ததும் மைனஸ் 20 டிகிரியில் சில நாள் உறைய வைத்தால் பூச்சி சாகும். பழைய ஷீட்டுகளில் மெர்குரிக் குளோரைடு நஞ்சு பூசியிருக்கும். அவற்றைத் தொட்ட கையோடு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஒரு எண். ஒன்றில் தொடங்கி, வாழ்நாள் முழுக்கத் தொடரும் எண்வரிசை அது. வருடா வருடம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. அந்த எண்ணுக்கு நேராக நோட்டில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, நிலம், செடியின் உயரம், பூவின் நிறம், மணம், பால் உண்டா, உள்ளூர்ப் பெயர், கூட வளரும் செடிகள், அங்கே எத்தனை செடி இருந்தன என்று எழுத வேண்டும். இதை அங்கேயே, செடி முன்னால் நின்றபடி எழுத வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மாணவனாக இருந்தபோது பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் போயிருந்தோம். சாலையோர ஈரப் பாறையில் மூன்று வகைக் காசித்தும்பை. அட்டை கடி, மழை. சாயங்காலம் அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று பிரஸ்ஸில் திணித்தேன். காசித்தும்பைப் பூ பிரஸ்ஸுக்குள் போனால் ஈரமான டிஷ்யூ பேப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எது இதழ், எது வால் என்றே தெரியாது. பத்து நாள் கழித்துத் திறந்தால் மூன்றும் ஒரே பழுப்பு. எது வெள்ளை, எது ரோஸ் என்று எனக்கும் நினைவில்லை, கூட வந்தவனுக்கும் நினைவில்லை. காசித்தும்பையில் இனத்தை அடையாளம் காண்பதே பூவின் பாகங்களை வைத்துத்தான். மூன்று ஷீட்டும் குப்பைக்குப் போயின. அன்றிலிருந்து காசித்தும்பை என்றால் ஒரு பூவைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தாளில் ஒட்டுகிறேன், இன்னொரு பூவை எரிசாராயக் குப்பியில் போடுகிறேன், படம் எடுக்கிறேன், எழுதிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறேன்.

எவ்வளவு எடுக்கலாம்? இருபது செடி இருந்தால் ஒன்று என்பது களத்தில் புழங்கும் கணக்கு. நாலைந்துதான் நிற்கின்றன என்றால் படமும் குறிப்பும் போதும், கத்தரியை உள்ளே வையுங்கள்.

படி 4: பெயர் கண்டுபிடிப்பது

தென்னிந்தியாவில் இதற்கு அடிப்படை, கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. இணையத்தில் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கிறது. சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய ஏசுசபைத் துறவி கே.எம். மேத்யூவின் தொகுதிகள் இன்னும் நன்றாக உதவும். விளக்கப் படங்களும் உண்டு.

இந்த நூல்களில் இருக்கும் கீ என்பது கிளை பிரியும் கேள்விவரிசை: இலை எதிரடுக்கா, மாற்றடுக்கா? எதிரடுக்கு என்றால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். ஏதோ ஒரு கிளையில் சந்தேகம் வரும். இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள், தவறான பக்கம் இரண்டு மூன்று அடியில் தானே முட்டி நிற்கும். ஆரம்பத்தில் பெயர் தெரிந்த செடியையே கீயில் ஓட்டிப் பழகுங்கள். ஆவாரையை எடுத்து ஆவாரையில் கொண்டுபோய் முடிக்க எனக்கு முதல் தடவை ஒரு முழு மதியம் ஆனது.

கேம்பிள் சொல்லும் பெயர் இன்றைய பெயராக இருக்காது. அவருக்கு ஆவாரை காசியா ஆரிகுலேட்டா. இன்று சென்னா ஆரிகுலேட்டா. வெள்வேல் அவருக்கு அகேசியா, இப்போது வச்செல்லியா. கியூ தாவரவியல் பூங்காவின் பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைனில் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஊர்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதையே அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் பேச்சில் அண்ணன் தம்பி மாதிரி. தாவரவியலில் ஒன்று எக்லிப்டா, மற்றது ஸ்பாக்னெட்டிகோலா. பேரினமே வேறு.

கடைசிச் சந்தேகம் தீருவது ஹெர்பேரியத்தில்தான். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1955 முதல் இயங்குகிறது; எம்.ஹெச். என்ற குறியீடு கொண்ட மதராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். அதே ஊரில் வன மரபியல் நிறுவனத்தில் ஃபிஷர் ஹெர்பேரியம், திருச்சியில் ராபினட், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். முன்கூட்டிக் கடிதம் எழுதி அனுமதி பெற்று, உங்கள் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஓர் இனத்துக்கு முப்பது ஷீட்டை வரிசையாகப் புரட்டினால்தான் "இலை இவ்வளவு மாறும், ஆனால் காய் மாறாது" என்பது பிடிபடும். எந்தப் புத்தகமும் அதைச் சொல்லித் தராது.

படி 5: அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கத்தரி எடுக்காதீர்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி. மாதக்கணக்கில் ஆகும், ஆகவே பூக்கும் பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் நீல வாண்டா ஆர்க்கிட், குடுவைச் செடி போன்ற தாவரங்களும் உண்டு. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது.

அனுமதி கிடைத்ததும் முதலில் ரேஞ்சரைப் போய்ப் பாருங்கள். கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் சொன்னால் நில்லுங்கள், திரும்பச் சொன்னால் திரும்புங்கள். அரிய செடி ஒன்று பத்தடியில் இருக்கலாம். யானையும் இருக்கலாம்.

படி 6: பாதுகாப்பு என்பது எண்ணிக்கையில் தொடங்குகிறது

"அழிந்துவருகிறது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, இளஞ்செடி வருகிறதா என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என்.னின் செம்பட்டியலில் ஓர் இனம் பரவியிருக்கும் எல்லைக்குள் அடங்கும் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழே போனால் மிக அபாயம் என்ற நிலைக்கு, 5,000க்குக் கீழே என்றால் அபாயம் என்ற நிலைக்குத் தகுதி பெறலாம். ஆனால் பரப்பு மட்டும் போதாது. வாழிடம் துண்டாகிறதா, எண்ணிக்கை சரிகிறதா போன்ற நிபந்தனைகளும் சேர வேண்டும். அந்த விதிமுறை ஆவணத்தை முழுதாகப் படியுங்கள், வேலை தரும் ஆவணம் அது.

மாகாளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் எல்லோருக்கும் தெரியும், கொடியைப் பார்த்தவர்கள் குறைவு. தென்னிந்தியாவுக்கே உரிய இந்தக் கொடி செம்பட்டியலில் அபாய நிலையில் இருக்கிறது. பறிப்பது இலையையோ பழத்தையோ அல்ல, வேரை. தோண்டினால் கொடியே போயிற்று. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி காட்டிலிருந்து. இப்படி ஓர் இனத்தோடு வேலை செய்யப் போகும் களத் தாவரவியலாளர் பாறைச் சரிவில் 10 × 10 மீட்டர் கட்டங்கள் போட்டு முதிர்கொடி எத்தனை, நாற்று எத்தனை என்று எண்ண வேண்டும். சந்தைக்குப் போய் வியாபாரியிடம் கிழங்கு எந்த மலையிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நாற்றங்காலில் விதை முளைக்க வைக்க வேண்டும். மூன்றும் மூன்று விதமான திறன் கேட்கும் வேலைகள்.

விதையை வங்கியில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை உலர்த்தினால் செத்துவிடும். வெள்ளைக் குங்கிலியம் அப்படிப்பட்டது. விழுந்த சில நாட்களில் மண்ணில் போட வேண்டும். அதனால்தான் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாய் நிற்கும் மழைக்காட்டை மீட்கும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், நாற்றங்காலையே அடித்தளமாக வைத்து வேலை செய்கிறது. ஆரோவில்லைச் சுற்றி, கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டை இதேபோல மீட்டு வருகிறார்கள். இந்த மாதிரி இடங்களில் தன்னார்வலராகச் சில மாதம் இருந்தால் வகுப்பறையில் ஐந்து வருடத்தில் கிடைக்காதது கிடைக்கும்.

மரம் நடுவதெல்லாம் பாதுகாப்பு என்று ஒரு மயக்கம் நம்மிடம் உண்டு. நீலகிரியின் உச்சிப் புல்வெளி காடழிந்த இடம் அல்ல, அதுவே ஒரு வாழிடம். அங்கே மரம் நட்டால் புல்லும் அதனோடு வாழும் செடிகளும் போகும். வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம் அங்கே செய்த சேதம் கண் முன்னே இருக்கிறது. நடும் விழாவுக்கு மேடையில் கூப்பிட்டால்கூட இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

படி 7: காட்டில் வாழ்பவர்களிடம் கடன்

காணி, இருளர், பளியர், காடர் மக்களில் ஒருவர் உங்களோடு வந்தால், நீங்கள் மூன்று நாளில் பார்ப்பதை ஒரு காலை நேரத்தில் காட்டிவிடுவார். அதற்கு நாள்கூலி கொடுத்தால் கணக்கு முடிந்துவிடாது. 1987இல் அகத்தியர் மலையின் கேரளப் பக்கம் போன ஆய்வாளர்கள், கூட வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு செடியின் பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்து, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டபோது, கிடைத்த தொகையில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஏற்பாடானது. உலகமே முன்மாதிரி என்று பேசிய ஏற்பாடு அது. ஆனாலும் காணி வைத்தியர்கள் சிலர், எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவைக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சம், ஷீட்டின் லேபிளில் செடியைக் காட்டியவர் பெயரையும் அவர் ஒப்புதலோடு சேருங்கள்.

படி 8: வேலை, காசு

ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். முதல் ஐந்தாறு வருடம் திட்டப் பணிகள்தான். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று முடியும். இடையில் சில மாதம் கையில் ஒன்றும் இருக்காது. வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சி.எஸ்.ஐ.ஆர்.-யூ.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிப் பணி அரிதாகத்தான் வரும், வந்தால் விடாதீர்கள். தாவரவியல் பட்டதாரிகள் யூ.பி.எஸ்.சி.யின் இந்திய வனப்பணித் தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி வனப் பாதுகாவலர் தேர்வுக்கும் போகலாம். அங்கே நிர்வாகம்தான் அதிகம். ஆனால் செடி தெரிந்த வன அதிகாரி ஒருவர் இருந்தால் ஒரு கோட்டமே பிழைக்கும். தொண்டு நிறுவனங்கள், தாவரவியல் பூங்காக்கள், ரஃபர்ட் அறக்கட்டளை மாதிரி இளம் ஆய்வாளர்களுக்குச் சிறுநிதி தருவோர் என்று இன்னொரு பக்கம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களில் நல்ல சம்பளம் உண்டு. எனக்கு அங்கே கசப்பான அனுபவமும் உண்டு. ஒரு முறை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்த அறிக்கையில், ராமநாதபுரம் பக்கத்துத் தரிசு ஒன்றின் தாவரப் பட்டியலில் உயர்மலைச் சோலைக்காட்டு மரம் நிமிர்ந்து நின்றது. வேறு ஏதோ அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். திருத்தி அனுப்பினேன், திரும்ப அழைப்பு வரவில்லை. அந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. களத்துக்குப் போகாமல் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 9: எழுதுங்கள், திருத்தப்படச் சம்மதியுங்கள்

புதிய இனம் கண்டுபிடிப்பதுதான் சாதனை என்று அவசரப்பட வேண்டாம். ஒரு மாவட்டத்தில் முதல் பதிவு, நூறு வருடமாகச் சேகரிக்கப்படாத செடியின் மறுகண்டுபிடிப்பு, ஒரு கோயில் காட்டின் முழுப் பட்டியல் எல்லாம் உருப்படியான கட்டுரைகள். ரீடியா, கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா என்ற இரண்டு ஆய்விதழ்களையும் தொடர்ந்து படியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். எதை எழுதினாலும் ஷீட்டைப் பொது ஹெர்பேரியத்தில் சேர்த்து, அதன் எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள்.

அங்கே சேர்ந்த ஷீட்டில் நீங்கள் எழுதிய பெயர் தவறு என்று பின்னால் வரும் ஒருவருக்குத் தோன்றினால், உங்கள் லேபிளை யாரும் கிழிக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு சிறு சீட்டில் சரியான பெயரை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். என் 214ஆம் எண் ஷீட்டில் அப்படி இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. முதலாவது என்னைத் திருத்துகிறது. இரண்டாவது, அவரையும் சேர்த்து.